சில்வானோ மரங்கோனின் விவாகரத்து

“உங்க குழந்தைக்கு என்ன வயசு, சில்வானோ?” என்று வகுப்பு நடத்திய பெண் கேட்டாள்.

எழுபத்து நான்கு வயதான சில்வானோ மரங்கோன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

“எட்டு” என்றார்.

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இருந்தவர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். யாருக்கும் வயது நாற்பதைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த லாரி ஓட்டுநர் மட்டும் மரியாதை கலந்த வியப்போடு சில்வானோவை ஓரக்கண்ணால் அளந்தான்.

அது பிரிந்து வாழும் பெற்றோருக்கான இலவச வகுப்பு. ஆஸ்திரேலியாவில், இத்தாலியக் குடும்பங்கள் நிறைந்த கிரிஃபித் நகர மண்டபத்தின் பக்க அறையில் நடந்தது. நடத்தியவள் தூரத்து வாகா நகரத்திலிருந்து வந்த பிரிஜெட். வெளியூர்க்காரி என்பதால்தான் சில்வானோ துணிந்து வந்திருந்தார். வாசலிலேயே அவர் நெஞ்சில் பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டாள்.

“பேர் என்ன, பாப்பாவோட பேர்?”

“அது எங்க குடும்ப விஷயம்.”

“சரி, சரி” என்றாள் பிரிஜெட், அடிபட்ட பறவையிடம் பேசுகிற குரலில்.

குடும்ப விஷயம்தான். திங்கட்கிழமை ஆரஞ்சுத் தோட்டத்தில், குழாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது மகன் ரெனாட்டோ சொன்னான்.

“பப்பா, நானும் லியானும் பிரியறோம்.”

“எங்கே போறீங்க?”

“எங்கயும் போகலை. போன குளிர்காலத்துலேருந்தே பிரிஞ்சுதான் இருக்கோம். அதே வீட்டுலதான். நான் பின்ரூம்ல படுக்கறேன். சமையல் தனி, துணி தனி.”

“ஒரே கூரைக்குக் கீழ இருந்துட்டு பிரிஞ்சிருக்கோம்னா யாருடா ஒத்துக்குவான்?”

“சட்டம் ஒத்துக்குது பப்பா. அப்படிப் பன்னிரண்டு மாசம் ஆனா விவாகரத்து கேக்கலாம்.”

மரங்கோன் குடும்பத்தில் ஆண்கள் போருக்குப் போய்த் தொலைந்திருக்கிறார்கள், கப்பலேறித் தொலைந்திருக்கிறார்கள். விவாகரத்தில் யாரும் தொலைந்ததில்லை. சில்வானோ குறடைக் கீழே வைத்தார்.

“குழந்தை? டெஸ்ஸா?”

“பேசிக்கிட்டிருக்கோம். மம்மாகிட்ட இன்னும் சொல்லலை. சனிக்கிழமை தக்காளி நாள் முடியட்டும்னு பார்க்கறேன்.”

“யார்கிட்டயும் சொல்லாதே. நான் பாத்துக்கறேன்.”

எதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆல்டோதான் நினைவுக்கு வந்தார். ஆல்டோவின் மருமகள் பிரிந்தவுடன் பிள்ளைகளோடு பெர்த் போய்விட்டாள். இப்போது ஆல்டோ ஞாயிறுதோறும் கைபேசித் திரையைப் பார்த்துக் கத்துகிறார். அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் தாத்தாவை இத்தாலிய முறையில் அழைத்து “நோன்னோ, சத்தம் வரலை” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகின்றன.

சில்வானோ வீட்டில் ஞாயிறு என்றால் பூசை முடிந்து எல்லாரும் வருவார்கள். எங்கள் ஊரில் உள்வீட்டுச் சமையலறை பார்ப்பதற்கு, கராஜ் சமையலறை சமைப்பதற்கு; வருஷத்துக்கு ஒரு முறை தக்காளி நாளில் குடும்பமே கூடித் தக்காளிச் சாறு காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பதும் அங்கேதான். அந்தக் கராஜ் மேஜையில் அவருக்கு வலப்பக்கம் பேத்தி டெஸ்ஸா உட்காருவாள். சாலடில் இருக்கும் வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் தட்டில் போடுவாள். சில்வானோவுக்கும் வெங்காயம் பிடிக்காது. அதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, முழுவதையும் தின்றுவிடுவார்.

அந்த நாற்காலி காலியாகுமா என்பது தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த வகுப்பு.

“முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும்” என்றாள் பிரிஜெட். “குழந்தை யாருக்குங்கற பேச்சே இந்த நாட்டுச் சட்டத்துல கிடையாது. குழந்தை வீடோ காரோ இல்லை, பிரிச்சுக்க. அம்மா அப்பாவுக்கு இருக்கறது பொறுப்பு. கோர்ட் பார்க்கறது குழந்தைக்கு எது நல்லதுங்கறதை மட்டும்தான்.”

சில்வானோ கை தூக்கினார். “அப்போ தாத்தா?”

“தாத்தாவா?”

“குழந்தையோட தாத்தா. அப்பாவழி. அவரைக் கோர்ட் கணக்குல எடுக்குமா?”

பிரிஜெட் அவருடைய நரைத்த புருவத்தைப் பார்த்தாள். ஏதோ கூட்டிக் கழித்தாள்.

“உங்க அப்பா இன்னும் இருக்காரா?” என்று மெல்லக் கேட்டாள்.

“அவர் செத்து முப்பது வருஷமாச்சு.”

“அப்படின்னா... அந்தக் கேள்விக்கு அவசரமில்லைன்னு நினைக்கறேன்.”

“இல்லை. தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கறேன்.”

“குழந்தையோட மனசுக்கு முக்கியமானவங்க யாரா இருந்தாலும் கோர்ட் பார்க்கும். தாத்தாவே விண்ணப்பமும் போடலாம். ஆனா முதல்ல எல்லாரும் ஒரு நடுவரை வச்சு உக்காந்து பேசிப் பார்க்கணும். நேரா கோர்ட்டுக்கு ஓடக் கூடாது.”

நேராகவோ வளைந்தோ, மரங்கோன் ஒருவர் தன் மருமகள் மேல் விண்ணப்பம் போடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுந்து தொப்பியை எடுத்தார். கதவைத் திறந்தால் அங்கே நேவியோ நிற்கிறான்.

நேவியோ மண்டபத்துக் காவலாளி. மாலையில் போச்சே கிளப்பில் சில்வானோவின் எதிரணியில் பந்து உருட்டுபவன்.

“சில்வானோ, நீ எங்கே இங்கே?”

மகன் பெயரைச் சொல்லலாம். அல்லது தன் பெயரைச் சொல்லலாம். யோசிக்க அரை நொடிகூடத் தேவைப்படவில்லை.

“என் சொந்த விஷயம்.”

“அந்த எட்டு வயசு?”

“கதவுக்குப் பின்னால நின்னு கேட்டியா?”

“நாற்காலி எடுத்து வைக்க நின்னேன். சரி, அந்த எட்டு வயசு?”

“அதுவும் என் சொந்த விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

அதுதான் பிழை. சும்மா விட்டிருந்தால் நேவியோ ஒருவேளை மறந்திருப்பான். ரகசியம் என்று ஒன்றை அவன் கையில் கொடுத்தால், அதை ஊருக்கே சொல்லி முடிக்காமல் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போக மாட்டான்.

சில்வானோவோ மகனை மறைத்துவிட்ட திருப்தியில் ரொட்டிக் கடைக்குப் போனார். கடைப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், கேட்காமலே இன்னொரு ரொட்டியைப் பையில் போட்டாள்.

“ஒண்ணுதான் கேட்டேன்.”

“வச்சுக்கோங்க. தனியா இருக்கறப்ப சமைக்கத் தோணாது.”

வண்டிக்கு வந்து கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் நெஞ்சில் இருந்த சீட்டு தெரிந்தது. கொட்டை எழுத்தில் ‘சில்வானோ’. அதற்குக் கீழே ‘பிரிவுக்குப் பின் பெற்றோர்’.

மாலை கிளப்பில் அவர் நுழைந்ததும் பந்துகள் நின்றன. அவருக்கு முதல் முறையாக எல்லாரும் வழிவிட்டார்கள். கிழவர்களில் இருவர் கை குலுக்கினார்கள்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். சில்வானோவும் மனைவி டோரினாவும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று ஊர் கண்ணால் காண வேண்டும். மறுநாள் காலை பிரதான வீதிப் பூக்கடையில் இருப்பதிலேயே பெரிய பூங்கொத்தை வாங்கினார். அதைத் தலைக்கு மேல் தூக்காத குறையாக வீதி முழுக்க நடந்து வண்டிக்கு வந்தார்.

வீதி பார்த்தது. புதன்கிழமை காலையில், எந்தப் பண்டிகையும் இல்லாத நாளில், மரங்கோன் தன் மனைவிக்குப் பூ வாங்குகிறார். நேவியோவை நம்பாதவர்களும் அன்றைக்கு நம்பினார்கள்.

கராஜில் டோரினா பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூவைப் பார்த்ததும் ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகலை. உனக்குத்தான்.”

“என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலை.”

“ஒண்ணும் பண்ணாத ஆம்பளை பூ வாங்க மாட்டான், சில்வானோ.”

பூங்கொத்தைத் தக்காளி வாளியில் செருகி, சுவரில் இருந்த மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். “இவளுக்குத் தெரியும் நீ என்ன பண்ணினேன்னு. இவளே வச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை ஃபாதர் கீரன் வந்தார். தோட்டத்துக் கொட்டகையில் சில்வானோவைத் தனியாகப் பிடித்தார்.

“நான் தீர்ப்பு சொல்ல வரலை, சில்வானோ. நாம எல்லாரும் மனுஷங்கதான்.”

“என்ன விஷயம் ஃபாதர்?”

“ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அந்த எட்டு வயசுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சே. நீங்கதானே கொடுத்தீங்க.”

“நானா?”

“உங்க கோயில்லதான். முன்வரிசையில டோரினாகூட இருந்தாளே. கேக்கும் ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க.”

ஃபாதர் கீரன் பழப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நிறம் மாறிவிட்டது. சில்வானோ தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, “டோரினா ஒரு புனிதை” என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். தான் பேத்தியைப் பற்றித்தான் சொன்னோம் என்பதும், ஃபாதருக்கு அது தெரியாது என்பதும், அவருடைய கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சில்வானோவுக்கு உறைத்தது. துரத்திக்கொண்டு போகலாம்தான். போனால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

வெள்ளிக்கிழமை ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனார். லியான் அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் ஆஸ்திரேலியக்காரி, ஹே ஊர்ப் பக்கத்து ஆட்டுப்பண்ணைக் குடும்பம். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பூண்டு உரிக்கத் தெரியாது. இப்போது தக்காளி நாளில் பாட்டிலுக்கு மூடி அடிப்பது அவள் வேலை. அவள் அடித்த மூடி ஒன்றுகூடக் கசிந்ததில்லை என்று டோரினாவே ஊரில் சொல்லிக்கொள்வாள்.

“நோன்னோ” என்றாள் லியான் தாழ்ந்த குரலில். டெஸ்ஸா பிறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். “ஊர்ல என்னென்னமோ பேசறாங்க. உங்களையும் நோன்னாவையும் பத்தி.”

“பேசட்டும். நாளைக்கு வருவியா?”

“வராம? மூடியை வேற யாரு அடிக்கறது?”

“ரெனாட்டோ பக்கத்துல நில்லு. எப்பவும் நிக்கற மாதிரி.”

“நாங்க ஜோடியா எல்லா இடத்துக்கும் போய் நின்னா, அப்புறம் பிரிஞ்சிருக்கோம்னு சொன்னா கோர்ட் நம்புமா?”

“கோர்ட் என் கராஜுக்குள்ள வராது. குடும்பத்துல யாருக்கும் தெரியக் கூடாது. டோரினாவுக்கு முக்கியமா.”

லியான் அவரை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

“சரி நோன்னோ.”

கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு ஹே ஊருக்கே போய்விடுவாயா? ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும்? ஆனால் பின்னால் வரிசை நின்றது. மூன்றாவது ஆள் நேவியோவின் மனைவி. சில்வானோ மாத்திரையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபடியே வெளியே நடந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் கார்கள் வரத் தொடங்கின. பக்கத்து ஊர் லீட்டனிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி லோரிஸ், அவன் மனைவி ஃப்ளோரா, அவர்கள் மகன்கள், மருமகள்கள். சில்வானோவின் அக்கா அமாபிலே, கையில் ஒரு கூடைத் துளசியோடு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓர் இலை போடுவது அவளுடைய உரிமை. வேறு யாரும் அந்தக் கூடையைத் தொட முடியாது.

வேலை வழக்கம்போலத் தொடங்கியது. பேச்சுதான் வழக்கம்போல இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் டோரினாவைத் துக்க வீட்டில் அணைப்பதுபோல அணைத்தார்கள்.

“எங்க பின்பக்க ரூம் சும்மாத்தான் கிடக்கு, டோரினா” என்றாள் ஃப்ளோரா. “எப்ப வேணும்னாலும் வா.”

“எதுக்கு?”

“சும்மாத்தான் சொன்னேன்.”

லோரிஸ் சில்வானோவைத் தனியே இழுத்தான். “காரவன் ஒண்ணு நிக்குது என்கிட்ட. டிவி இருக்கு. ஆனா ரெண்டு பேருக்குத்தான் படுக்கை. குழந்தையும் இருந்தா கொஞ்சம் நெருக்கம்.”

சில்வானோ தக்காளிப் பெட்டியைத் தூக்கினார்.

வெந்த தக்காளியை அரவை இயந்திரத்தில் ரெனாட்டோ தள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சொன்னது சொன்னபடி லியான் மூடி அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே புல்வெளியில் டெஸ்ஸா தண்ணீர்க் குழாயால் பாட்டில்களையும் தன்னையும் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அமாபிலே வாயைத் திறக்கும்வரை.

“சில்வானோ.”

“என்ன அக்கா?”

“காலையிலேருந்து எல்லாரும் முணுமுணுன்னு பேசறாங்க. எனக்குக் காது மந்தம். நீயே உரக்கச் சொல்லிடு. இந்த வீட்டுல விவாகரத்து வாங்கப் போறது யாரு?”

பத்துப் பதினைந்து பேரின் கைகள் நின்றன. இயந்திரம் மட்டும் சும்மா சுற்றியது. ரெனாட்டோவின் முகம் அரைத்த தக்காளியின் நிறத்துக்கு வந்திருந்தது. லியான் குனிந்து மூடிகளைப் பார்த்தாள்.

சில்வானோ தொப்பியைக் கழற்றினார்.

“நான்தான்” என்றார்.

டோரினா பெரிய சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

“எப்போ?” என்றாள்.

“என்ன எப்போ?”

“எப்போ கிளம்பறேன்னு கேட்டேன். சட்டி பாதிதான் வெந்திருக்கு. இறக்க ஆள் வேணும்.”

“அந்த எட்டு வயசு?” என்று ஃப்ளோரா அடக்க முடியாமல் கேட்டாள்.

“அதுவும் என்னோடதுதான்.”

இயந்திரத்தின் சத்தம் பட்டென்று நின்றது. ரெனாட்டோ மின்கம்பியையே பிடுங்கியிருந்தான்.

“போதும் பப்பா. மம்மா, அவர் ஒண்ணும் பண்ணலை. பிரியறது நானும் லியானும். எட்டு வயசுங்கறது நம்ம டெஸ்ஸா. எனக்காகத்தான் வகுப்புக்குப் போய் உக்காந்திருக்கார், என் பேர் வெளியில வரக் கூடாதுன்னு.”

சில்வானோ கண்ணை மூடிக்கொண்டார். குடும்பத்தின் கூரை இடிந்து விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

கேட்டது லோரிஸ் நாற்காலியை இழுக்கும் சத்தம்தான்.

“அட, இவ்வளவுதானா?” என்றான் லோரிஸ். “நான் பயந்தே போயிட்டேன்.” அடுத்த பாட்டிலை எடுத்து நீட்டினான். ஃப்ளோரா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“இவ்வளவுதானாவா? உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார் சில்வானோ.

“எல்லாருக்கும் தெரியும், சில்வானோ” என்றாள் டோரினா. “போன குளிர்காலம், ஜூலையிலேயே தெரியும். ஒரே கொடியில ரெண்டு பேரும் நடுவுல இடம் விட்டுத் துணி காயப்போட ஆரம்பிச்சாங்களே, அன்னிக்கே நான் லியானைக் கேட்டுட்டேன்.”

“எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?”

“உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத்தனை பேரும் வாயைக் கட்டிக்கிட்டிருந்தோம். குடும்ப மானம்னு நீ நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டா? கடைசியில நான்தான் ரெனாட்டோகிட்ட சொன்னேன், அப்பாகிட்ட சொல்லிடு, ஆனா மம்மாவுக்குத் தெரியாதுன்னு சேர்த்துச் சொல்லுன்னு. யாரையாவது காப்பாத்தற வேலை இருந்தா நீ விழ மாட்டே.”

சில்வானோ ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். அவர் முதுகு வளைந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கொஞ்சம் வளைந்தது. வாரம் முழுக்க அவர் சுமந்த ரகசியத்தில் ரகசியம் எதுவும் இருக்கவில்லை. அது போகட்டும். ஆனால் அவர் கேட்க வந்த கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. அதை ஒளித்து வைக்க இனி இடமும் இல்லை.

“லியான்” என்றார். “சட்டம் எனக்குத் தெரியும். குழந்தை யாருக்கும் சொந்தமில்லை. விண்ணப்பம் போட மாட்டேன், சண்டைக்கு வர மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இந்த ஞாயித்துக்கிழமை... டெஸ்ஸா...”

முடிக்க வரவில்லை.

லியான் ரெனாட்டோவைப் பார்த்தாள். ரெனாட்டோ பிடுங்கிய கம்பியைப் பார்த்தான். இருவர் முகமும் சிவந்தது. சில்வானோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், எழுந்து போவதற்காக.

“உக்காருடா” என்றாள் அமாபிலே, கட்டைவிரலால் ஓர் இலையைப் பாட்டிலுக்குள் தள்ளியபடியே. “நடுவர்கிட்ட போயிட்டு வந்து இவங்க சண்டை போடறதே என் சமையலறையிலதான்: வீடு, காரு, நாய் எல்லாத்தையும் காபி ஆறுறதுக்குள்ள பேசி முடிச்சுட்டாங்க, ஞாயித்துக்கிழமை டெஸ்ஸாவைக் கூட்டிட்டு உன் மேஜைக்கு வர்றது நான்தான்னு ரெண்டு பேரும் இன்னும் ஆளுக்கொரு வக்கீல் வச்சு அடிச்சுக்கிறாங்க.”